மெட்டுக்குச் சொல்லா, சொல்லுக்கு மெட்டா: தமிழ்க் கிறித்தவ வழிபாட்டுப் பாடலின் மொழி வரலாறு

1. முன்னுரை

மொழிபெயர்ப்பு வரலாற்றில் விவிலியம் பெற்ற கவனத்தை வழிபாட்டுப் பாடல்கள் பெறவில்லை. விவிலியத்தின் ஒவ்வொரு திருத்தமும் ஆராயப்பட்டுள்ளது. ஆனால் மக்கள் மனப்பாடமாகப் பாடிவரும் பாடல்களின் மொழி பெரும்பாலும் இறையியலாருக்கும் இசைவாணருக்கும் விடப்பட்டுள்ளது. எழுதப்பட்ட நூலைத் திருத்திப் புதிய பதிப்பாக வெளியிடலாம். நாவிலும் செவியிலும் பதிந்துவிட்ட பாடலை அவ்வாறு மாற்றுதல் எளிதன்று. ஆகவே, ஒரு சமயத்தாரின் மொழி எங்கே இறுகியது, எங்கே நெகிழ்ந்தது என்பதை அறியப் பாடல்களே தக்க சான்றாகும். தமிழ்க் கிறித்தவ வழிபாட்டுப் பாடல் கடந்துவந்த வழிகளையும், அவற்றில் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொண்ட சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. தரங்கம்பாடி: மெட்டுக்குச் சொல்

1578இல் கொல்லத்தில் அச்சான அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ இறைவனுக்குத் ‘தம்பிரான்’ என்னும் சொல்லைத் தேர்ந்தது. மடங்களிலும் கோயில்களிலும் வழங்கிய சொல்லை எடுத்தாண்ட துணிவு அதில் தெரிகிறது. எனினும், அக்காலத்துக் கத்தோலிக்கத் திருப்பலியின் மொழி இலத்தீனாகவே இருந்தது. தமிழ்ப் பாடல்களுக்குத் திருப்பலிக்குப் புறம்பான பத்தி முயற்சிகளிலும் திருவிழாக்களிலுமே இடமிருந்தது.

பொது வழிபாட்டில் மக்கள் அனைவரும் சேர்ந்து தம் மொழியில் பாடுதல் லூத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தின் கூறுகளுள் ஒன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் அவ்வழக்கத்தையும் உடன் கொணர்ந்தார். ஜெர்மானியத் திருச்சபைப் பாடல்கள் அவற்றின் மெட்டு மாறாமல் தமிழாக்கப்பட்டன. இப்பணியை விரிவாகச் செய்தவர் 1740இல் தமிழகம் வந்த பப்ரிஷியஸ் ஆவார். இவர் விவிலியத்தை மொழிபெயர்த்ததோடு நூற்றுக்கணக்கான ஜெர்மானியப் பாடல்களையும் தமிழில் தந்தார். இவ்வகைப் பாடல்கள் ‘ஞானப்பாட்டு’ என்றும் பிற்காலத்தில் ‘பாமாலை’ என்றும் வழங்கலாயின.

இங்கு எழுந்த சிக்கல் முதன்மையாக யாப்புச் சிக்கலே. ஜெர்மானிய மொழியில் சொல்லழுத்தம் விழும் ஒலியசை மெட்டின் வலுவான தட்டில் அமைகிறது. தமிழில் பொருள் வேறுபடுத்தும் சொல்லழுத்தம் இல்லை. குறில், நெடில், ஒற்று ஆகியவற்றின் அளவே ஓசையை ஆள்கிறது. ஓர் ஒலியசைக்கு ஒரு சுரம் என்று செல்லும் மெட்டில் குறிலும் நெடிலும் ஒரே அளவு பெறுகின்றன. நீண்ட சுரத்தில் குறில் விழுந்தால் ‘விடு’ என்பது ‘வீடு’ என்றும், ‘படு’ என்பது ‘பாடு’ என்றும் செவியில் படும். இணைகுறில் நிரையசையாக ஒன்றிநிற்கும் தமிழ் ஓசை அமைதியும் அங்கே குலைந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் சொற்களின் நீளம். ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் வேற்றுமை உருபும் சாரியையும் சேரச் சேரச் சொல் நீள்கிறது. ‘ஆண்டவருடைய’ என்னும் ஒரு சொல்லே ஆறு ஒலியசைகளைக் கொள்கிறது. எட்டு ஒலியசையும் ஏழு ஒலியசையுமாக வரையறுக்கப்பட்ட அடிகளில் இத்தகைய சொற்களுக்கு இடமில்லை. இதற்குத் தீர்வு தமிழிலக்கணத்திற்குள்ளேயே கிடைத்தது. ‘இயேசுவினுடைய நாமம்’ என விரிவது ‘இயேசு நாமம்’ எனத் தொகையாயிற்று. அதுவும் பாடுமிடத்து முதலெழுத்துக் குறைந்து ‘யேசு நாமம்’ என ஒலித்தது. வேற்றுமைத் தொகையும், செய்யுள் விகாரமாகிய முதற்குறையும் மரபில் ஏற்கப்பட்டவையே. ஆகவே, பாமாலைத் தமிழை ‘அயல் தமிழ்’ என்று முற்றிலும் ஒதுக்குவது பொருந்தாது. மெட்டு அயலாக இருந்தாலும், நெருக்கடியைத் தீர்த்த கருவிகள் தமிழுக்கு உரியவை.

மூன்றாவது சிக்கல் தொடை பற்றியது. ஐரோப்பியப் பாடலில் அடியிறுதி ஒன்றிவரும். தமிழ்ச் செய்யுளில் எதுகையும் மோனையும் அடிமுதலில் நின்று இசை தருகின்றன. மொழிபெயர்ப்பாளர் மூலத்தைப் பின்பற்றி இயைபுத் தொடையையே நாடினர். வினைமுற்று விகுதிகள் சொல்லின் இறுதியில் நிற்பதால் ‘-ஏன்’, ‘-ஆர்’, ‘-ஈர்’ என முடியும் அடிகளை எளிதில் அடுக்கலாம். எளிதில் கிடைத்த இவ்வியைபே பல மொழிபெயர்ப்புப் பாடல்களைச் சலிப்பூட்டுவனவாக ஆக்கியது எனலாம். ஜெர்மானிய மொழியில் தேடிப்பெற வேண்டிய ஓசையைத் தமிழில் விகுதியே தந்துவிடுகிறது. தேடலின் சுவை அங்கு இல்லாமற் போகிறது.

3. தஞ்சாவூர்: சொல்லுக்கு மெட்டு

இதற்கு மாற்று வழியைத் தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கண்டார். திருநெல்வேலியில் பிறந்த இவர் இளமையிலேயே ஷ்வார்ட்ஸ் என்னும் லூத்தரன் சமயத் தொண்டரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டார். பிற்காலத்தில் அரசரான இரண்டாம் சரபோஜியும் ஷ்வார்ட்ஸின் மாணவரே. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோர் வாழ்ந்த காலமும் அதுவே. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பும், குறவஞ்சி, கும்மி, சிந்து முதலிய வடிவங்களும் சாஸ்திரியாரைச் சூழ்ந்திருந்தன. அவர் மொழிபெயர்க்கவில்லை, அவ்வடிவங்களில் புதிதாக இயற்றினார்.

அவருடைய ‘பெத்லகேம் குறவஞ்சி’ இதற்குச் சிறந்த சான்று. உலாவரும் தலைவன், அவன்மீது காதல் கொள்ளும் தலைவி, குறிசொல்லும் குறத்தி என்னும் குறவஞ்சி அமைப்பு முழுவதும் இதில் கிறித்தவப் பொருள் பெறுகிறது. கிறித்துவே தலைவன், திருச்சபை தலைவி. மேலை நாட்டு வானியல் செய்திகளும் இந்நூலில் இடம்பெறுகின்றன. இங்கு நிகழ்ந்ததும் ஒருவகை மொழிபெயர்ப்பே; ஆனால் பெயர்க்கப்பட்டவை சொற்கள் அல்ல, இலக்கிய வகையின் உறவுகள்.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வாத்திய இசைக்குழுக்களின் மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். இவை ‘நோட்டுசுர சாகித்தியம்’ எனப்படுகின்றன. அயல் மெட்டை ஏற்ற தீட்சிதர் மூலப் பாடலின் சொற்களைப் பெயர்க்கவில்லை. தாமே விரும்பிய பொருளில், நெடிலும் குறிலும் மெட்டுக்கு இசைய, சொற்களைத் தெரிந்துகொண்டார். மெட்டு, பொருள் ஆகிய இரண்டும் முன்னரே விதிக்கப்பட்டிருந்த தரங்கம்பாடி மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வுரிமை இல்லை. தீட்சிதர் ஒரு கட்டுக்கு உட்பட்டார். பப்ரிஷியஸ் இரண்டு கட்டுகளுக்கு உட்பட்டார். இருவரின் பாடல்களுக்கிடையே உள்ள ஓட்ட வேறுபாட்டை இதனோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

4. சொல்லை மாற்றும் உரிமை யாருடையது?

1820களில் தஞ்சைத் திருச்சபையில் பெரும் பூசல் எழுந்தது. திருநெல்வேலியில் பணியாற்றிய இரேனியஸ் (1790–1838) பப்ரிஷியஸின் மொழிபெயர்ப்பைத் திருத்த முற்பட்டார். மூலத்தின் சொல்லமைப்பைக் காட்டிலும் தமிழின் இயல்பான நடை முக்கியம் என்பது அவர் கொள்கை; 1827இல் மொழிபெயர்ப்பு நெறி பற்றித் தனிக் கட்டுரையும் எழுதினார். சாஸ்திரியார் இத்திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தார். புதிய தலைமுறை மிஷனரிமார் வழிபாட்டிலும் திருமணங்களிலும் தமிழ்க் கீர்த்தனைகளுக்கும் பூச்சூடுதல் போன்ற வழக்கங்களுக்கும் விதித்த தடைகளையும் அவர் கண்டித்தார். இப்பூசலில் சாதி வேறுபாடும் ஒரு முதன்மைப் பொருளாயிற்று. ஆலயத்தில் சாதிவாரியாக அமரும் முறையை ஒழிக்க மிஷனரிமார் முயன்றனர். சாஸ்திரியார் அம்முறையைக் காக்கும் பக்கம் நின்றார். தமிழ் இசைக்கான அவருடைய வாதமும் சாதி ஒழுங்குக்கான வாதமும் ஒரே கூற்றில் பிணைந்து நின்றன என்பதை மறைத்து எழுதும் வரலாறு முழுமையாகாது.

பாடலில் அயல் வடிவைத் தவிர்த்த கவிஞர், உரைநடையில் மட்டும் மூலச் சொல்லைப் பற்றிநின்ற பழைய மொழிபெயர்ப்பை ஏன் ஆதரித்தார் என்னும் வினா இங்கு எழுகிறது. அவருடைய கீர்த்தனைகளின் சொற்களஞ்சியம் பப்ரிஷியஸின் விவிலியத்திலிருந்து வளர்ந்தது. விவிலியத்தின் சொல் மாறினால் பாடலுக்கும் நூலுக்கும் உள்ள தொடர்பு அறும். தம் வாழ்நாள் உழைப்பின் அடித்தளமே பெயர்க்கப்படுவதாக அவர் உணர்ந்திருத்தல் இயல்பே எனக் கொள்ளலாம்.

இறைவனின் பெயர் பெற்ற மாற்றங்கள் இக்கருத்துக்கு வலுச் சேர்க்கின்றன. சீகன்பால்க் ‘சருவேசுரன்’ என்றார். பப்ரிஷியஸ் ‘பராபரன்’ என்றார். 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பாகிய ‘திருவிவிலியம்’ ‘கடவுள்’ என்கிறது. நூலில் ஒரு சொல் வந்ததும் முந்தைய சொல் நீங்கியது. ஆனால் பாடல்களில் ‘பராபரன்’ இன்றும் நீங்கவில்லை. ‘சங்கீதம்’ என்னும் சொல்லும் இத்தகையது. பொதுத் தமிழில் இசையைக் குறிக்கும் அச்சொல், சீர்திருத்தச் சபையாரிடையே விவிலியத்தின் ஒரு நூலுக்குப் பெயராயிற்று. 1995இன் மொழிபெயர்ப்பு அந்நூலைத் ‘திருப்பாடல்கள்’ என வழங்குகிறது. ஒரே வழிபாட்டில் படிக்கப்படும் சொல் ஒரு நூற்றாண்டையும், பாடப்படும் சொல் வேறொரு நூற்றாண்டையும் சேர்ந்தவையாக இருப்பதைக் காணலாம்.

5. இரு தொகுதிகள், ஒரு வழிபாடு

கீர்த்தனைகளுக்குப் பொது வழிபாட்டில் நிலையான இடம் தேடித் தந்தவர்களுள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் குறிப்பிடத்தக்கவர். 1853இல் அவர் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்களே மிகுதி. தஞ்சையில் தடுக்கப்பட்ட பாடல்கள் சாஸ்திரியார் உயிரோடிருக்கும்போதே மதுரைப் பகுதியில் வழிபாட்டு நூலாயின. ஈரோட்டில் பணியாற்றிய எச். ஏ. பாப்லி கருநாடக இசையைப் பயின்று, 1921இல் இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார்; கீர்த்தனைகளின் தொகுப்புப் பணியிலும் ஈடுபட்டார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தாமே கீர்த்தனைகள் இயற்றியதோடு, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூல் வழியாகத் தமிழிசையின் இலக்கணத்தையே ஆராய்ந்தார். வழிபாட்டுப் பாடலில் தொடங்கிய நாட்டம் இசையியல் ஆராய்ச்சியாக விரிந்தமைக்கு இது சான்றாகும்.

எனினும் பாமாலை மறையவில்லை. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ் ஆலயங்களில் பாமாலையும் கீர்த்தனையும் அருகருகே பாடப்படுகின்றன. தலைமுறைகள் பாடிய மெட்டு, தோற்றத்தால் அயலாயினும் நினைவால் உரியதாகிவிடுகிறது.

6. மைசூரு: வழிபாட்டு மொழியும் தாய்மொழியும்

கத்தோலிக்கத் திருச்சபையில் திருப்புமுனையாக அமைந்தது 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு. மக்கள் மொழிக்கும் அந்தந்த நாட்டு இசை மரபுக்கும் அது வழிவிட்டது. இம்மாற்றத்தை இந்தியாவில் செயற்படுத்தியவர்களுள் முதன்மையானவர் தமிழரான து. ச. அமலோர்பவதாஸ் (1932–1990). 1967இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்திற்கு அவர் தலைமை ஏற்றார். கைகூப்பி வணங்குதல், தரையில் அமர்தல், ஆரத்தி முதலியவற்றை வழிபாட்டில் ஏற்கும் பன்னிரண்டு தழுவல்களுக்கு 1969இல் உரோமை இசைவளித்தது. பின்னர் அவர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கிறித்தவவியல் பேராசிரியராகப் பணியாற்றினார்; சாமுண்டி மலையடிவாரத்தில் அஞ்சலி ஆசிரமத்தை நிறுவினார். 1990இல் சாலை விபத்தொன்றில் மறைந்தார்.

இலத்தீன் விலகியதும் அவ்விடத்தை நிரப்பும் மொழி எது என்னும் வினா கருநாடகத்தில் கூர்மை பெற்றது. தமிழரும் கன்னடரும் ஒரே பங்கில் வாழும் ஊர்களில் ‘மக்கள் மொழி’ என்பது ஒருமைச் சொல் அன்று. பெங்களூர் உயர்மறைமாவட்டத்தில் வழிபாட்டு மொழி பற்றிய பிணக்கு நெடுங்காலம் நீடித்தது. யாருக்கும் தாய்மொழியல்லாத இலத்தீன் இருந்தவரை இப்பிணக்குக்கு இடமில்லை. மொழிபெயர்ப்பு ஒரு சாராரை உள்ளே அழைக்கும்போதே மற்றொரு சாராரை வாயிலில் நிறுத்தக்கூடும் என்பதற்கு இது சான்று.

தழுவல்கள் மேல்சாதி, சமஸ்கிருத மரபைச் சார்ந்தவை என்னும் மறுப்பும் எழுந்தது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940–2005) கீர்த்தனை மரபை விடுத்து நாட்டுப்புற இசையிலும் பேச்சுத்தமிழிலும் வழிபாட்டை அமைத்தார். இறைவனை ஆண்பால் சாராமல் ‘பெற்றவர்’ என்னும் பொருள்பட விளித்தார். உரைநடை வழிபாடு இறைவனை ‘நீர்’ என விளித்து ஒரு தொலைவை நிறுவியிருந்தது. பேச்சுவழக்கு அத்தொலைவைக் குறைத்தது. தலித் மக்களின் பறையும் பேச்சும் வழிபாட்டுக்குத் தகுதியுடையவை என்பது இம்முயற்சியின் உட்கிடை. சாஸ்திரியார் ஐரோப்பிய மெட்டை நோக்கிக் கேட்ட கேள்வியையே, அவர் காத்துநின்ற ஒழுங்கால் விலக்கப்பட்டோர் கீர்த்தனையை நோக்கிக் கேட்டனர்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. மெட்டும் பொருளும் ஒருங்கே விதிக்கப்படும்போது மொழிபெயர்ப்பாளர் தம் மொழியின் செய்யுள் விகாரங்களையே துணைக்கொள்கிறார். அவற்றுக்கும் எல்லை உண்டு. இலக்கிய வகையையே ஏற்று இயற்றுமிடத்து மொழி தன் இயல்போடு ஓடுகிறது. ஆனால் அவ்வகையோடு பிணைந்த சமூக ஒழுங்கும் உடன் வருகிறது. திருத்தக் குழுக்கள் நூலின் சொல்லை மாற்றினும் பாடலின் சொல் அவற்றின் ஆணைக்கு உட்படுவதில்லை. சமயநூல்களின் கலைச்சொற்களை ஆராய்வோர் அச்சுப் பதிப்புகளோடு பாடல் தொகுதிகளையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு சொல்லும் எத்தனை ஆண்டுகள் பாடலில் நிலைத்தது எனக் கணக்கிடுவராயின், தமிழ்ச் சொல் வழக்காற்று வரலாற்றுக்குப் புதிய தரவு கிடைக்கும்.