காய்ச்சலுக்குப் பயந்து மலையேறியவர்கள் (ஒரு நீண்ட த்ரெட்)

1/
ஏற்காடு போனா கிளியூர் அருவியைப் பார்க்காம திரும்புறவங்க குறைவு. ஏற்காடு ஏரி நிரம்பி வழியுற தண்ணிதான் அங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுது. குளிர்ந்த காற்று, காபித் தோட்டம், மலை மேல மேகம். "இங்கே ஒரு மாசம் இருந்தா எந்த நோயும் ஓடிடும்"னு தோணும்.

200 வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊருக்கு வந்த வெள்ளைக்காரர்களும் மிஷனரிகளும் இதையேதான் நம்பினாங்க. அதுல பாதி சரி, பாதி தப்பு.

இது மதப் பிரச்சாரமும் இல்ல, மத எதிர்ப்பும் இல்ல. நோய் வந்ததும் "நான் என்ன பாவம் பண்ணேன்?"னு கேட்கிற எல்லா மதத்தினருக்குமான கதை.

2/
19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மிஷனரி குடும்பம் மாசக்கணக்கில் கப்பலில் பயணம் செஞ்சு இங்கே வந்து இறங்கும். காலரா, வயிற்றுக்கடுப்பு, மலேரியா எல்லாம் காத்திருக்கும். இந்த நோய்களுக்குக் கிருமிதான் காரணம்னு அப்போ டாக்டர்களுக்கே தெரியாது. கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருதுன்னு டாக்டர்களே நம்பினாங்க. "மலேரியா" என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்.

அப்போ மருந்து என்ன? நல்ல காற்று இருக்கிற மலைக்குப் போ!

3/
1834-ல் மதுரையில் அமெரிக்க மிஷன் தொடங்கியது. வந்தவர்கள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். ஓய்வெடுக்கத் திண்டுக்கல் பக்கம் இருக்கிற சிறுமலையைத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்துல இருக்கிற மலை, பச்சைப்பசேல்னு இருக்கும். ஆனா காய்ச்சல் அங்கேயும் விடலை.

பிறகு பழனி மலையில் இன்னும் உயரமா ஏறினாங்க. 1845-ல் இரண்டு பங்களாக்கள் கட்டினாங்க. நாம இன்னைக்கு டூர் போற கொடைக்கானல் ஊராக வளர ஆரம்பிச்சது இப்படித்தான். அதுக்குப் பின்னாடி இருந்தது நோயும் மரண பயமும்.

4/
சிறுமலையில் வந்த காய்ச்சல் கொடைக்கானலில் ஏன் குறைஞ்சது? காற்று அல்ல, வெப்பநிலைதான் காரணம்.

மலேரியா கிருமி கொசுவின் உடம்புக்குள்ளே வளர்ந்து முதிரணும். அதுக்குச் சூடு வேணும். வைவாக்ஸ் வகைக்குக் குறைந்தது சுமார் 16 டிகிரி செல்சியஸ், ஃபால்சிபாரம் வகைக்குச் சுமார் 18 டிகிரி. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம், அதனால குளிர் அதிகம். சிறுமலைக்கு அந்த உயரம் இல்லை.

ஏற்காடு சுமார் 5,000 அடிதான். தென்னிந்தியாவின் மலைப்பகுதிகளில் மலேரியாவைப் பரப்புவதில் பேர்போனது 'அனோபிலிஸ் ஃபுளுவியாட்டிலிஸ்' என்ற கொசு. அது சாக்கடையில் வளராது. மெதுவா ஓடுற தெளிந்த மலை ஓடைகளில்தான் முட்டையிடும். நாம "சுத்தமான தண்ணி"ன்னு ரசிக்கிற அதே ஓடைகள்!

5/
இதைக் கண்டுபிடிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு. 1880-ல் லாவெரன் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் அல்ஜீரியாவில் நோயாளியின் ரத்தத்தில் மலேரியா கிருமியைப் பார்த்தார். 1897 ஆகஸ்ட் 20-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதே கிருமியைக் கொசுவின் வயிற்றுக்குள்ளே பார்த்தார்.

அதே வருஷம் ராஸ் விடுப்பில் ஊட்டிக்கு வந்திருந்தார். அங்கிருந்து சீகூர் மலைச்சரிவுக்கு ஆராய்ச்சிக்காக இறங்கிப் போனார். அவருக்கே மலேரியா வந்துருச்சு. மலேரியாவைத் தேடிப் போன டாக்டரையும் கொசு விட்டுவைக்கலை.

6/
இப்போ அந்த மிஷனரிகளின் மனசை யோசிச்சுப் பாருங்க. கடவுளின் வேலைன்னு நம்பி வீடு, சொந்தபந்தம் எல்லாத்தையும் விட்டு வந்தவங்க. வந்த இடத்தில் மனைவியையோ கைக்குழந்தையையோ புதைக்கிறாங்க. "நான் அவருக்காகத்தானே வந்தேன்?" என்ற கேள்வி வராம இருக்குமா?

கொசு யாருடைய நம்பிக்கையையும் அளந்து பார்த்துக் கடிக்கிறதில்லை. இது அவங்களுக்குத் தெரிய வழியே இல்லை. நமக்குத் தெரியும்.

7/
சரி, காரணம் தெரிஞ்சும் குணமாகாத நோய் வந்தா? அதுக்கு ஏமி கார்மைக்கேல் வாழ்க்கையைப் பார்க்கணும்.

1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். சீனாவுக்குப் போக விண்ணப்பிச்சப்போ "உடம்பு தாங்காது"ன்னு நிராகரிச்சாங்க. ஜப்பானுக்குப் போனார். சுமார் 15 மாதத்தில் நரம்பு வலியோடு திரும்ப வேண்டியதாச்சு. பெங்களூர் சீதோஷ்ணம் நல்லதுன்னு சொன்னாங்க. 1895-ல் வந்து சேர்ந்த புதுசிலேயே டெங்கு!

அப்புறம் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, தமிழ் கத்துக்கிட்டு, டோனாவூரில் பெண் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் நடத்தினார். அங்கே எல்லாருக்கும் அவர் அம்மா.

8/
1931 அக்டோபர் 24. களக்காட்டில் மருத்துவப் பணிக்காக எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், மாலை இருட்டில் புதுசா வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. நெய்யூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாங்க.

சீக்கிரம் நடந்துடுவார்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. எத்தனையோ பேர் ஜெபம் பண்ணாங்க. ஆனா அவர் பழையபடி எழுந்து நடமாடவே இல்லை. மூட்டுவலி, நரம்பு வலி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்துக்கிச்சு. 1951 ஜனவரி 18-ல் இறக்கும் வரை, ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையில்தான்.

9/
அந்தப் படுக்கையிலிருந்தே பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். 1933-ல் வந்த ஒரு புத்தகம் நோயாளி ஒருவர் மற்ற நோயாளிகளுக்காக எழுதியது. உடம்பு நல்லா இருக்கிறவங்க எழுதுற ஆறுதல் வார்த்தைகள் படுத்திருக்கிறவரை எட்டுறதில்லைன்னு அதில் வெளிப்படையாகச் சொல்றார். வலி இல்லைன்னு அவர் நடிக்கலை. தன் நம்பிக்கை குறைவுன்னு தன்னையே அடிச்சுக்கவும் இல்லை. "ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே, இருப்பதை ஏத்துக்கிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

10/
ஒரு டாக்டரா எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொண்ணு. ஜெபத்தில் இவ்வளவு நம்பிக்கை வெச்சவங்க டோனாவூரில் ஒரு மருத்துவமனையும் கட்டினாங்க. பெயர் 'பரம சுக சாலை'. அங்கே ஜெபமும் இருந்தது, ஆபரேஷன் தியேட்டரும் இருந்தது. ஒண்ணுக்காக இன்னொண்ணை விடலை.

தன் கல்லறைக்குக் கல் வேண்டாம்னு சொல்லிட்டுப் போனார். அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வெச்சு, அம்மா என்று பொருள்படும் ஒரே சொல்லை மட்டும் எழுதியிருக்காங்க.

11/
இதை ஏன் இன்னைக்குச் சொல்றேன்? அரசு மருத்துவமனை ஓ.பி.யில் இந்தக் குற்ற உணர்ச்சியோடு வர்றவங்களை அடிக்கடி பார்க்கிறோம். "சாமி குத்தமா டாக்டர்?" "என் ஜெபம் போதலையா?" "நேர்ச்சை பாக்கி இருக்கு, அதனாலயா?" மதம் மாறும், கேள்வி மாறாது. இந்தக் குற்ற உணர்ச்சியில் சிலர் மாத்திரையை நிறுத்திடுறாங்க. காசநோய்க்கு ஆறு மாசம் சாப்பிட வேண்டியதை இரண்டு மாசத்தில் விட்டுடுறாங்க. வலிப்பு மாத்திரையை, இன்சுலினை விட்டுட்டு மயங்கின நிலையில் வர்றாங்க.

12/
அதனால மூணு விஷயம்:

• நோய் உங்க பக்திக்குக் கடவுள் போடுற மார்க் இல்லை. அதுக்குக் கிருமி, கொசு, மரபணு, வயசு, விபத்துன்னு காரணங்கள் இருக்கு.

• கும்பிடுங்க, ஜெபம் பண்ணுங்க, தொழுங்க. மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க. காய்ச்சல்னா ரத்தப் பரிசோதனை பண்ணிக்கோங்க, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான்.

• நோயாளியைப் பார்க்கப் போனா "இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வெச்சிருக்கணும்"னு சொல்லாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?"ன்னு கேளுங்க. அது போதும்.

பயனுள்ளதா இருந்தா, வீட்டில் நோயோடு படுத்திருக்கிற ஒருத்தருக்குப் படிச்சுக் காட்டுங்க.