நாற்சந்தியை ஊராக்குதல்

வாஷிங்டனுக்கு மேற்கே, வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில், இரண்டு பழைய சாலைகள் ஒன்றையொன்று வெட்டும் மேட்டு நிலம் ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே பீச் குரோவ் என்றொரு அஞ்சல் நிலையம் இருந்தது. அதை நடத்திய வில்லியம் டைசனின் பெயர் அந்தச் சந்திப்போடு ஒட்டிக்கொண்டு, இடம் டைசன்ஸ் கார்னர் ஆயிற்று. 1950கள் வரை அது பண்ணைகளுக்கு நடுவே சில கடைகளோடு கிடந்த நாற்சந்திதான். அதன் பிறகு 2 கோடியே 60 லட்சம் சதுர அடி அலுவலகங்களும் இரண்டு பெரிய ஷாப்பிங் மால்களும் அங்கே எழுந்தன. 2010 வாக்கில் பகலில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வேலைக்கு வந்தார்கள். இரவில் தங்கியவர்கள் 20,000 பேர்கூட இல்லை. கார் நிறுத்துவதற்கு மட்டும் 1,60,000க்கு மேற்பட்ட இடங்கள் இருந்தன. வேலைக்கு வரும் ஆட்களைவிடக் கார்களுக்கு ஒதுக்கிய இடம் அதிகம். எதிரே தெரியும் கடைக்குப் போகவும் காரை எடுத்தாக வேண்டியிருந்த இந்த இடத்தை, மனிதர்கள் காலாற நடக்கும் ஊராக மாற்றும் முயற்சி இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அதன் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஓர் இடத்தை ஊராக்குவது உயர்ந்த கட்டடங்களும் அல்ல, ரயிலும் அல்ல, தெரு. தெருவைக் கடைசியாகப் போடும் இடம் மற்ற எல்லாவற்றுக்கும் இரட்டை விலை கொடுக்க நேர்கிறது.

மக்கள் கார் விரும்பினார்கள், சந்தை அதற்கேற்பக் கட்டியது, இதில் யாரைக் குறை சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. டைசன்ஸின் ஆண்டுக்கணக்கைப் பார்த்தால் இந்த வாதம் நிற்பதில்லை. டல்லஸ் விமான நிலையத்தை மத்திய அரசு 1962இல் திறந்தது. அதே ஆண்டில் நாற்சந்தி அருகே மால் கட்ட நில வகைமாற்றத்துக்குக் கவுண்டியின் மேற்பார்வையாளர் குழு ஒப்புதல் தந்தது. வாஷிங்டனைச் சுற்றிவரும் பெல்ட்வே நெடுஞ்சாலை 1964இல் முழுமையடைந்தது. மால் 1968இல் திறந்தது. பின்னால் வந்த அலுவலகங்களில் பல, பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தப் பணத்தில் வளர்ந்த நிறுவனங்களுடையவை. விமான நிலையம், நெடுஞ்சாலை, ஒப்பந்தம், நில அனுமதி எல்லாமே அரசு எடுத்த முடிவுகள். போதாததற்கு, குடியிருப்பு ஒரு பக்கம், அலுவலகம் ஒரு பக்கம், கடை இன்னொரு பக்கம் என்று நிலத்தைப் பிரித்த விதிகளும், கட்டடத்தின் பரப்புக்கேற்பக் கார் நிறுத்தும் இடம் கட்டாயம் என்ற விதியும் இருந்தன. நடந்து போக வழியே இல்லாத இடத்தில் எல்லோரும் காரில் போனார்கள் என்பதை மக்களின் விருப்பத்துக்குச் சான்றாகக் காட்டுவது நியாயமில்லை. ஜோயல் காரோ 1991இல் எழுதிய ‘எட்ஜ் சிட்டி’ என்ற நூல், நகரத்தின் விளிம்பில் முளைத்த இத்தகைய இடங்களுக்கு டைசன்ஸை முக்கிய எடுத்துக்காட்டாக வைத்தது. தானாக முளைத்தது போல அது தோன்றலாம். பாத்தி கட்டி நீர் பாய்ச்சியது அரசுதான்.

வேறு விதமாகவும் நடந்திருக்கலாம் என்பதற்கு ஆதாரம் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. பக்கத்துக் கவுண்டியான ஆர்லிங்டனும் காருக்குத் தலைசாய்த்த இடம்தான். அங்கே பால்ஸ்டன் பகுதியில் 1951இல் திறந்த மாலுக்கு, அதன் பிரம்மாண்டமான பார்க்கிங் கட்டடத்தின் பெருமையில், ‘பார்க்கிங்டன்’ என்றே பெயர் வைத்தார்கள். 1960களில் வாஷிங்டன் மெட்ரோவுக்குத் திட்டம் வகுத்தபோது, ஆர்லிங்டன் வழியாக வரும் பாதையை, வரவிருந்த 66ஆம் எண் நெடுஞ்சாலையின் நடுவே தரைமட்டத்தில் போடுவதாக யோசனை இருந்தது. செலவு குறைவு, வேலையும் சுலபம். ஆனால் நெடுஞ்சாலையின் நடுவில் நிற்கும் நிலையத்தைச் சுற்றி ஊர் வளர முடியாது என்பதைக் கவுண்டியின் அதிகாரிகள் உணர்ந்தார்கள். கடைகள் நலிந்துகொண்டிருந்த வில்சன் பூல்வார்டு வட்டாரத்தின் அடியில் சுரங்கமாகப் பாதை போக வேண்டும் என்று போராடி, கூடுதல் செலவையும் ஏற்று, அதைச் சாதித்தார்கள். ராஸ்லின் நிலையம் 1977இலும், பால்ஸ்டன் வரையிலான மற்ற நான்கு நிலையங்கள் 1979இலும் திறந்தன. நிலையத்தை ஒட்டி உயர்ந்த கட்டடங்கள், விலக விலக உயரம் குறைந்து, கடைசியில் பழைய தனிவீடுகள் என்று விதி செய்தார்கள். இன்று அங்கே படியேறி வெளியே வந்தால் கால் படுவது நடைபாதையில்.

டைசன்ஸுக்கு ரயில் வந்த கதை இதற்கு நேர்மாறு. அலுவலகங்களும் எட்டு வழிச் சாலைகளும் வந்த பிறகுதான் ரயில் பற்றிய பேச்சு முற்றியது. நில உரிமையாளர்களே முன்வந்து, தங்கள் சொத்துக்குச் சிறப்பு வரி விதித்துக்கொள்ளச் சம்மதித்தார்கள்; அது பாராட்டத்தக்கது. ஆனால் பாதை பூமிக்குள் போவதா, தூண்களின் மேல் போவதா என்ற கேள்வியில் திட்டம் சிக்கியது. சுரங்கம் வேண்டும் என்று குடிமக்களும் வணிகர்களும் இயக்கம் நடத்தினார்கள். செலவு கூடினால், காலம் நீண்டால், எதிர்பார்த்த 90 கோடி டாலர் மத்திய நிதி கைவிட்டுப் போகும் என்ற அச்சத்தில், ஆளுநர் டிம் கெய்ன் 2006இல் தூண்களின் மேல் செல்லும் பாதையையே தேர்ந்தார். அந்த முடிவைக் கண்மூடித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நிதி போயிருந்தால் ரயிலே வந்திருக்காது என்பது உண்மையான ஆபத்து. ஆனால் ஆர்லிங்டன் நாற்பது ஆண்டுக்கு முன் எதைத் தவிர்த்ததோ அதையே டைசன்ஸ் ஏற்க வேண்டியதாயிற்று. சில்வர் லைன் என்ற அந்த மெட்ரோ ரயில் 2014 ஜூலையில் ஓடத் தொடங்கியது. டைசன்ஸில் உள்ள நான்கு நிலையங்களில் கிரீன்ஸ்பரோவும் ஸ்பிரிங் ஹில்லும் 7ஆம் எண் சாலையின் நடுவே, அகன்ற வண்டித்தடங்களுக்கு இடையே நிற்கின்றன. நாற்சந்தியின் மேட்டுக்கு அடியில் ஒரு சிறு தூரம் மட்டும் பாதை சுரங்கத்தில் போகிறது. விரும்பிக் கேட்ட இடத்தில் கிடைக்காத சுரங்கம், மேடு மறித்த இடத்தில் கிடைத்தது.

இந்தப் பின்னணியில் 2010 ஜூனில் கவுண்டி ஏற்ற திட்டம் துணிச்சலானது. 2050க்குள் இரண்டு லட்சம் வேலைகள், ஒரு லட்சம் குடியிருப்போர். வளர்ச்சியில் முக்கால் பங்கு நிலையங்களிலிருந்து அரை மைலுக்குள் என்று அது கணக்கிட்டது. நிலையத்தருகே கார் நிறுத்தும் இடத்துக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருந்த விதியைத் திருப்பிப்போட்டு, உச்சவரம்பு வைத்தது. புதிய குடியிருப்புகளில் ஐந்தில் ஒரு பங்கு எளிய, நடுத்தர வருமானத்தாருக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்றது. எல்லாவற்றிலும் முக்கியமாக, பெரும் நிலத்துண்டுகளை அறுத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சிறு தெருக்களைப் போடச் சொன்னது. 2011இல் அமெரிக்கத் திட்டமிடல் சங்கத்தின் டேனியல் பர்ன்ஹாம் விருது இதற்குக் கிடைத்தது. பிறகு இடத்தின் பெயரிலிருந்து ‘கார்னர்’ கழன்றது, வெறும் டைசன்ஸ்.

திட்டத்தைக் குறை சொல்வோர் மக்கள்தொகையைக் காட்டுகிறார்கள். 2010 கணக்கெடுப்பில் 19,627, 2020இல் 26,374. இந்த வேகத்தில் போனால் லட்சத்தைத் தொட முடியாது, பெருந்தொற்றுக்குப் பின் அலுவலகங்களுக்கும் பழைய தேவை இல்லை என்பது அவர்கள் வாதம். எண்கள் சரி. ஆனால் ரயில் ஓடத் தொடங்கியதே அந்தப் பத்தாண்டின் நடுவில். ஆர்லிங்டனும் ஒரே பத்தாண்டில் மாறிவிடவில்லை. அலுவலகம் ஒன்றையே நம்பிய இடம்தான் அலுவலகம் காலியாகும்போது வெறிச்சோடும். வீடும் கடையும் கலந்து வர வேண்டும் என்பதற்கு அது கூடுதல் காரணம். வாடகை எட்டாத உயரத்தில் இருக்கிறது என்ற இன்னொரு குறையை மட்டும் என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. பார்க்கிங் மைதானங்களின் மேல் கட்டியதால் இங்கே பெருந்திரளாக யாரையும் வெளியேற்ற வேண்டியிருக்கவில்லை. என்றாலும், கடைகளில் பணிசெய்யும் தொழிலாளி நடந்து வேலைக்கு வரும் தூரத்தில் குடியிருக்க முடியாவிட்டால், நடக்கத்தக்க ஊர் என்ற பெயர் வசதியுள்ளவருக்கே சொந்தமாகும். ஐந்தில் ஒரு பங்கு என்பது நல்ல தொடக்கம். அது போதாது என்பது என் எண்ணம்.

தெருக்கள்தான் இன்னும் பெரிய சிக்கல். நிலம் பெரும் தனியார் கையில் இருப்பதால், ஒவ்வொருவரும் தம் துண்டில் கட்டும்போதுதான் அதனுள் வரும் தெருப்பகுதியைப் போடுகிறார்கள். 2019இல் திறந்த போரோ வளாகத்துக்குள் மரநிழலும் கடைவாசல்களும் கொண்ட தெரு உண்டு. ஆனால் ஒரு வளாகத்தின் தெரு அடுத்தவர் நிலத்தோடு சேர, அந்த அடுத்தவரும் கட்ட முன்வரும்வரை காத்திருக்க வேண்டும். கவுண்டி 1962இல் மாலுக்கு அனுமதி தந்தபோதே தெருக்களுக்கான நிலத்தைக் கேட்டு வாங்கியிருந்தால், அது சோளக்காட்டு விலையில் கிடைத்திருக்கும். இன்று கிரீன்ஸ்பரோ நிலையத்தில் இறங்குபவர் தரையைத் தொடும் முன்பே, 7ஆம் எண் சாலையின் தலைக்கு மேலே போட்ட நடைமேம்பாலத்தில் ஏறி, கீழே விரையும் கார்களைக் கடந்து, மறுபக்கம் போய்த்தான் இறங்க வேண்டியிருக்கிறது.