வியப்பூட்டும் செய்திகளும் விசாரித்தறியும் கடமையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!



வியப்பான செய்தி என்றால் செவி சாய்க்காதவர் எவருமிலர். தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். பிள்ளைகள் பள்ளித் தோழர்களுக்குச் சொல்கிறார்கள். இன்றோ செல்பேசியில் ஒரு விரலசைவில் ஊரெங்கும் பரவிவிடுகிறது. அதிலும் 'இதைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம்' என்றோ, 'இன்ன அறிஞர் இஸ்லாத்தைத் தழுவினார்' என்றோ வந்துவிட்டால் நமக்கு ஏற்படும் பூரிப்புக்கு அளவேயில்லை. அச்செய்தி மெய்யா, பொய்யா என்று கேட்பவனை ஈமான் குறைந்தவன்போல் பார்ப்போரும் நம்மில் உண்டு. ஆனால் நம் மார்க்கம் இதில் நமக்குக் காட்டித் தந்த வழி யாது? வரலாற்றிலிருந்து சில செய்திகளைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

மதீனாவில் ஒரு கிரகணம்

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு. அன்னை மாரியத்துல் கிப்திய்யா (ரலி) அவர்கள் ஈன்றெடுத்த பெருமானாரின் அருமை மகனார் இப்ராஹீம், பால்குடி மறவாத பருவத்திலேயே வஃபாத்தானார். அதே நாளில் சூரியனைக் கிரகணம் பிடித்தது. வானவியல் அறிஞர்கள் கணக்கிட்டு, அக்கிரகணம் கி.பி. 632 ஜனவரி 27ஆம் நாள் நிகழ்ந்தது என்கின்றனர். இருண்ட வானத்தைக் கண்ட மக்கள், நபியின் மகனார் மறைந்ததற்காகச் சூரியனும் துக்கம் கொண்டாடுகிறது என்று பேசத் தொடங்கினர்.

நன்றாக எண்ணிப் பாருங்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலே போதும்; அந்தப் பேச்சு ஒரு முஃஜிஸாவாக நாடெங்கும் பரவியிருக்கும். துயரத்தில் இருந்த தந்தைக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும். ஆயினும் அவர்கள் மக்களைத் திரட்டித் தொழ வைத்து, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளே என்றும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் அறிவித்துவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹான கிரந்தங்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. தமக்குப் பெருமை சேர்க்கும் பொய்யையும் அவர்கள் ஒரு கணமும் வாழவிடவில்லை. வியப்பான எந்தச் செய்தியையும் எடைபோட நமக்குக் கிடைத்த தராசு இதுவேயாகும்.

மெய்யான வியப்புகள் குறைவா?

பொய்யைத் தேடிப்போக வேண்டிய வறுமை நமக்கில்லை. நம் அன்றாட வாழ்விலேயே மெய்யான வியப்புகள் நிறைந்து கிடக்கின்றன.

தேர்வில் ஒன்றும் வாங்காத பிள்ளையைப் பார்த்து 'சைபர் வாங்கி வந்தாயா?' என்று கேட்கிறோமே, அந்தச் 'சைபர்' எங்கிருந்து வந்தது? இந்திய நாட்டுக் கணித அறிஞர்கள் வெறுமையைக் குறிக்கும் 'சூன்யம்' என்ற சொல்லால் பூஜ்யத்தை வழங்கினர். அரபுகள் அதனைப் பெற்றுக்கொண்டு, வெறுமை என்றே பொருள்படும் 'ஸிஃப்ர்' என்று மொழிபெயர்த்தனர். வட ஆப்பிரிக்காவின் பிஜாயா நகரில் இக்கணக்கு முறையைக் கற்ற இத்தாலியர் பிபொனாச்சி, 1202இல் தாம் எழுதிய நூலின் வாயிலாக ஐரோப்பாவுக்கு அதனை விரிவாக எடுத்துரைத்தார். அந்த ஒரே 'ஸிஃப்ர்' என்ற சொல்லே ஒருபுறம் 'சைபர்' ஆகவும், மறுபுறம் 'ஜீரோ' ஆகவும் திரிந்தது. ஆங்கிலேயர் வழியாக அது மீண்டும் நம் நாட்டுக்கே வந்து சேர்ந்தது. இங்கிருந்து புறப்பட்ட ஒன்று பக்தாதையும் இத்தாலியையும் சுற்றிக்கொண்டு வேறு உடையில் வீடு திரும்பியிருக்கிறது!

இதில் இன்னொரு பாடமும் உண்டு. 1, 2, 3 என்ற எண்களை உலகம் 'அரபு எண்கள்' என்று அழைக்கிறது. ஆனால் அரபு அறிஞர்களோ அவற்றை 'இந்திய எண்கள்' என்றே எழுதி வைத்தனர். ஏறத்தாழ கி.பி. 780 முதல் 850 வரை வாழ்ந்த அல்குவாரிஸ்மி (ரஹ்) அவர்கள் இவ்வெண்களைப் பற்றி எழுதிய நூலில் அவற்றை இந்தியருக்கு உரியவையாகவே குறித்தார்கள். பிறருடைய உழைப்பைத் தம்முடையதாக்கிக் கொள்ளாத அமானிதம் அவர்களிடம் இருந்தது.

கலீஃபா மஃமூன் அவர்களின் ஆட்சிக்காலத்தில் பக்தாதில் பணியாற்றிய அந்த மேதையின் பெயரே லத்தீன் மொழியில் திரிந்து, இன்று கணினித் துறையில் 'அல்காரிதம்' என வழங்குகிறது. அவருடைய மற்றொரு நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்லே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. அந்நூலில் ஒரு பெரும்பகுதி எதைப் பற்றியது தெரியுமா? வஸிய்யத்தும் வாரிசுரிமைப் பங்கீடும்! இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தை ஷரீஅத்தின்படி மனைவிக்கும் மக்களுக்கும் பெற்றோருக்கும் பிரித்துக் கொடுக்கும் கணக்குகளுக்கு அக்கலையை அவர் பயன்படுத்திக் காட்டினார். இன்று அல்ஜீப்ரா கண்டு அஞ்சும் நம் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துச் சொல்லுங்கள்.

'ஜப்ர்' என்பதற்கு முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுதல் என்றும் பொருளுண்டு. எனவேதான் ஸ்பெயின் நாட்டில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியரை 'அல்ஜெப்ரிஸ்தா' என்று அழைத்தனர். அங்கே 1615இல் வெளிவந்த புகழ்பெற்ற 'டான் குயிக்ஸாட்' புதினத்தின் இரண்டாம் பாகத்தில் அடிபட்ட ஒருவனுக்கு வைத்தியம் பார்ப்பவரும் அத்தகைய அல்ஜெப்ரிஸ்தாவே ஆவார்.

காலைக் காபியும் மக்காவின் தடையும்

ஒவ்வொரு காலையும் நாம் அருந்தும் காபியின் பெயர் 'கஹ்வா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகும். 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபியாக்கள் இரவு வணக்கத்தில் உறக்கம் வராதிருக்க இதனை அருந்தினர். ஆனால் 'கஹ்வா' என்பது பழைய அரபியில் மதுவுக்கும் வழங்கிய பெயர். எனவே ஐயம் பிறந்தது. ஹிஜ்ரி 917இல், அதாவது 1511இல், மக்காவின் மம்லூக் அதிகாரி காயிர் பெக் என்பவர் அறிஞர்களையும் வைத்தியர்களையும் கூட்டிக் காபியைத் தடை செய்தார். ஆனால் கெய்ரோவிலிருந்து சுல்தானின் ஆணை வந்தபோது, அது காபிக் கூட்டங்களில் நடக்கும் தகாத செயல்களைக் கண்டித்ததே தவிர, காபியையே விலக்கவில்லை. பின்னர் அப்துல் காதிர் அல்ஜஸீரி என்ற அறிஞர், காபி ஹலாலே என்பதற்கு ஒரு தனி நூலே எழுதினார். ஒரு பொருளின் பெயரைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாமல், அதன் தன்மையை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

நம் வீட்டுப் பேச்சையே கவனியுங்கள். வக்கீல், வாரிசு, ஜாமீன், அசல், நகல், பாக்கி, வசூல், மகசூல், ஆஜர், ரத்து, ஷரத்து, ஜில்லா, தாலுகா, இலாகா, நபர், தகராறு ஆகிய இச்சொற்கள் யாவும் அரபியில் வேர்கொண்டவை. பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியாகவும், நவாபுகள் காலத்து நிருவாகத்தின் வழியாகவும் தமிழில் கலந்தவை. அரபி ஓதத் தெரியாது என்று எண்ணும் சகோதரர்கூட நாளொன்றுக்குப் பத்து அரபுச் சொற்களையாவது பேசிவிடுகிறார். முஸ்லிம் அல்லாத நம் அண்டை வீட்டாரும் அவ்வாறே பேசுகின்றனர்.

மிகையால் மெய்யும் கெடும்

பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைஸம் (ரஹ்) அவர்கள், கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்ற பழங்கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதே பார்வை என்று நிறுவினார்கள். இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியைப் புகவிட்டு ஆய்வு செய்தார்கள். அவர்களின் 'கிதாபுல் மனாளிர்' என்ற நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் ஐரோப்பாவில் அச்சேறியது. இவை அனைத்தும் உண்மை. ஆனால், 'கேமரா' என்ற சொல்லே 'கமரா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று பல நூல்களிலும் உரைகளிலும் சொல்லப்படுகிறதே, அது சரியன்று. கேமரா என்பது அறையைக் குறிக்கும் லத்தீன் சொல். அது கிரேக்க மொழியிலிருந்து வந்தது.

அவ்வாறே, 1288இல் கெய்ரோவில் வஃபாத்தான இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்கள் இரத்த ஓட்டம் முழுவதையும் கண்டுபிடித்தார்கள் என்பர். அவர்கள் கண்டு எழுதியது, இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாக இடப்பக்கத்தை அடைகிறது என்பதாகும். இதயத்தின் நடுச்சுவரில் துளைகள் உண்டென்ற கிரேக்க அறிஞர் காலனின் கூற்றை அவர்கள் துணிந்து மறுத்தார்கள். உடல் முழுவதற்குமான சுழற்சியை 1628இல் நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. இப்னுந் நஃபீஸின் அக்கண்டுபிடிப்பு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1924இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நூலகத்தில் அவருடைய கையெழுத்துப் பிரதியைக் கண்டபிறகே உலகறிந்ததாயிற்று. இந்த உண்மை போதாதா நமக்கு? இதன்மேல் ஏன் ஒரு மிகையை ஏற்ற வேண்டும்?

நிலவில் பாங்கு

இவ்விடத்தில் என் குறையொன்றை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். மத்ரஸாவிலிருந்து ஸனது பெற்று வெளிவந்த புதிதில், ஒரு ஜும்ஆ பயானில், 1969இல் நிலவில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே பாங்கோசையைக் கேட்டார். பின்னர் அதே ஓசையை எகிப்தில் கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்று உணர்ச்சி பொங்க எடுத்துரைத்தேன். மக்கள் ஸுப்ஹானல்லாஹ் என்றனர். தொழுகை முடிந்ததும் எட்டாம் வகுப்பு படிக்கும் சிறுவன் ஒருவன் என்னருகே வந்து, "ஹழ்ரத், நிலாவில் காற்றே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். காற்று இல்லாமல் சத்தம் எப்படிக் கேட்கும்?" என்றான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'விசாரித்துச் சொல்கிறேன், தம்பி' என்றிருக்க வேண்டும். ஆனால் நானோ, அல்லாஹ்வின் குத்ரத்தில் ஐயம் கொள்ளாதே என்று கூறி அவன் வாயை அடைத்துவிட்டேன். அவன் தலை குனிந்தபடி போய்விட்டான்.

பின்னர் நான் விசாரித்தறிந்தபோது, ஆம்ஸ்ட்ராங் அப்படி எதையும் கேட்கவுமில்லை, இஸ்லாத்தைத் தழுவவுமில்லை என்பது தெரிந்தது. அவருடைய மறுப்பை 1983இலேயே அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு அனுப்பியிருந்தது. 2012இல் இறக்கும்வரை அவர் அக்கதையை ஏற்கவேயில்லை. அவர் சொல்லாததை அவர் பெயரால் சொன்னது ஒரு குற்றம். கேள்வி கேட்ட பிள்ளையின் ஈமானைச் சந்தேகித்தது அதனினும் பெரிய குற்றம். அச்சிறுவன் அன்று இரண்டில் ஒன்றை நினைத்திருப்பான்: ஒன்று, பாடப்புத்தகம் பொய், அல்லது, ஹழ்ரத் சொல்வது பொய். இரண்டாவதை அவன் நினைத்திருந்தால், அடுத்த வாரம் நான் மிம்பரில் நின்று ஸஹீஹான ஹதீஸைச் சொன்னபோது அதை எந்தச் செவியால் கேட்டிருப்பான்? அல்லாஹ்வின் குத்ரத்துக்கு எல்லையில்லை என்பது நம் ஈமான். ஆனால் அந்தக் குத்ரத்தின் பெயரால் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. செய்தி பொய் என்று அறிந்த அடுத்த வெள்ளிக்கிழமை அதே மிம்பரில் நின்று என் சொல்லைத் திரும்பப் பெற்றேன். அந்தச் சிறுவனைத் தேடிச் சென்று அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்று பயானைக் கேட்ட பெரியவர் ஒருவர், "இத்தனை நாளில் இன்றுதான் ஹழ்ரத்தின் பேச்சை முழுதாக நம்பினேன்" என்றார்.

சல்லடை பிடித்த சமுதாயம்

ஒரு தீயவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று 'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான். அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாமென்றும், செவியும் பார்வையும் இதயமும் விசாரிக்கப்படும் என்றும் 'பனூ இஸ்ராயீல்' அத்தியாயத்தின் 36ஆம் வசனம் எச்சரிக்கிறது. இவற்றைச் செயலில் காட்டியவர்கள் நம் முஹத்திஸீன்கள். ஒரு செய்தியை ஏற்குமுன் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நினைவாற்றல் எத்தகையது என்று ஒவ்வொரு கண்ணியாக ஆராய்ந்தார்கள். ஹிஜ்ரி 597இல் பக்தாதில் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள், இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார்கள். கதை சொல்லிகளையும் உபதேசிகளையும் பற்றித் தனியே மற்றொரு நூலும் எழுதினார்கள். 'சீனா சென்றேனும் கல்வியைத் தேடுங்கள்' என்று நாம் ஹதீஸாகச் சொல்லி வருவதையும் அவர்கள் இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையிலேயே சேர்த்தார்கள். கல்வியின் சிறப்புக்கு ஸஹீஹான ஹதீஸ்கள் எத்தனையோ இருக்கின்றன. அதற்கு இது தேவையில்லை.

அன்பானவர்களே! இன்று இரவு உணவுக்கு அமரும்போது உங்கள் பிள்ளைகளுக்குச் சைபரின் பயணத்தைச் சொல்லுங்கள். காபிக்கு வந்த தடையைச் சொல்லுங்கள். அவர்கள் 'இது மெய்தானா அத்தா? எப்படித் தெரியும்?' என்று கேட்டால் கோபம் கொள்ளாதீர்கள். அக்கேள்விக்கு மகிழ்ச்சி அடையுங்கள். செல்பேசியில் ஒரு வியப்பான செய்தி வந்தால், பிறருக்கு அனுப்புமுன் ஒரு கணம் நின்று விசாரியுங்கள். கேட்டதையெல்லாம் பேசித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்பது அண்ணலார் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையன்றோ!

சொல்லில் உண்மையும், உள்ளத்தில் பணிவும், பிழையை ஒப்புக்கொள்ளும் துணிவும் கொண்ட நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கியருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.