திறந்து கிடந்த வாயில்

வானகரத்தைத் தொட்டு மேற்கே ஓடும் பெருஞ்சாலை, பூந்தமல்லி கடந்து, ஆர்க்காடு கடந்து, வேலூருக்குச் செல்கிறது. நாள்தோறும் அதனை நாம் மிதிக்கிறோம். அதன் மறுமுனையில் நடந்ததை எண்ணிப் பார்க்கிறோமா?

1806 ஜூலை 10. பொழுது புலருமுன் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தனர். சிப்பாய்கள் ஏறத்தாழ 1500 பேர். வெள்ளையரோ 400 பேர்கூட இல்லை. கோட்டைத் தளபதி பான்கோர்ட் வீழ்ந்தான். திப்புவின் கொடி ஏறியது. எனினும் நண்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது! ஏன்?

விதி என்பர் சிலர். விதியாவது, வெங்காயமாவது! வெளிவாயில்களை அடைக்க ஆளில்லை. அடைக்கச் சொல்லவும் ஆளில்லை. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ், வெடியோசை கேட்டதும் 16 மைல் தொலைவிலுள்ள ஆர்க்காட்டுக்குச் செய்தி விடுத்தான். குதிரைப்படையுடன் கில்லெஸ்பி பறந்து வந்தான். வெளிவாயில்கள் இரண்டும் திறந்தே கிடந்தன! உள்ளே சிப்பாய்களோ சிதறிக் கிடந்தனர். பலர் கொள்ளையில் மூழ்கியிருந்தனர். இந்த அணி அங்கே, அந்த அணி இங்கே என்று ஆணையிட ஒருவனில்லை. மதில்மேல் தோட்டா தீர்ந்து தவித்த வெள்ளையரிடம் கில்லெஸ்பி கயிற்றில் ஏறிப் போய்ச் சேர்ந்தான். பின்னால் வந்த பீரங்கிகள் உள்வாயிலைப் பிளந்தன. அரண்மனையில் ஒளிந்திருந்த சிப்பாய்கள் ஏறத்தாழ நூறு பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். வீரம் குறைந்தா மடிந்தனர் அவர்கள்?

வெள்ளையன் மட்டும் செவியுள்ளவனா? அதுவுமில்லை. புதிய தலைப்பாகை அணிக, நெற்றிக்குறி அழிக்க என்று மேலிருந்து ஆணை பாய்ந்தது; கீழிருந்து எழுந்த முணுமுணுப்பு மேலே ஏறவில்லை. மறுத்தோர்க்குக் கசையடி. நெற்றிக்குறி நமக்குப் பெரிதன்று, தோழர்களே. ஆனால் அதை அழிக்கும் உரிமையைக் கும்பினியின் சாட்டைக்கு யார் கொடுத்தார்? ஜூன் திங்களிலேயே முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், சதி நடக்கிறது என்று மேலதிகாரியிடம் சொன்னான். அதிகாரி என்ன செய்தான்? விசாரிக்கும் பொறுப்பைச் சிப்பாய்ப் படையின் இந்திய அதிகாரிகளிடமே விட்டான்! அவர்கள் முஸ்தபா பேக்கைப் பைத்தியம் என்றனர், விலங்கு பூட்டப்பட்டது.

ஐரோப்பாவின் மாவீரர் நிலைமட்டும் என்ன? அதே ஆண்டு அக்டோபர் 14இல் ஜேனாவில் போரிட்ட நெப்போலியன், பிரஷ்யரின் முதன்மைப் படையைத் தான் முறியடிப்பதாகவே எண்ணினான். உண்மையில் அப்படை சில கல் தொலைவில், ஆவர்ஸ்டெட்டில், அவன் தளபதி டாவூவோடு மோதிக்கொண்டிருந்தது. பெர்னடோட் என்னும் மற்றொரு தளபதியின் படையோ இரண்டு களத்துக்கும் வந்து சேரவில்லை. குதிரையின் காலும் தூதனின் நாவும்தான் அன்றைய தந்தி!

தலைப்பாகை ஆணை பின்னர்த் திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் 1807இல் இலண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர். பைத்தியம் எனப்பட்ட முஸ்தபா பேக்குக்குப் பரிசும் ஓய்வூதியமும் கிடைத்தன.