குடமும் வரிசையும்: அசோகமித்திரனின் தனிமையை ஜொகூர் பாருவில் வாசித்தல்

பழந்தமிழ் அகப்பாடல்களில் தனிமைக்கு ஓர் இலக்கு உண்டு. பிரிந்துபோன ஒருவனை எண்ணியே தலைவி தனித்திருக்கிறாள். அவள் சொல்வதைக் கேட்கத் தோழி இருக்கிறாள். திருக்குறளின் 120ஆம் அதிகாரமான ‘தனிப்படர்மிகுதி’ காமத்துப்பாலில்தான் வருகிறது. யாரையும் எதிர்பார்க்காத, யாரிடமும் முறையிட முடியாத நகரத்துத் தனிமை பின்னால் வந்தது. அதைத் தமிழில் ஆழமாக எழுதிய நாவலாசிரியர்களுள் அசோகமித்திரன் (1931–2017) முதன்மையானவர். தனிமையைப் பற்றி அவர் தத்துவம் பேசுவதே அரிது. தனித்திருக்கும் மனிதர் செய்யும் அன்றாட வேலைகளை மட்டும் கவனமாக எழுதிச் செல்கிறார். வாசகருக்கு அவரிடம் கிடைக்கும் ஆறுதலின் ஊற்றும் அந்தக் கவனம்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்தை மலேசியாவின் எல்லை நகரமான ஜொகூர் பாருவில் வைத்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. அந்த நகரைச் சிங்கப்பூரோடு இணைக்க ஜொகூர் நீரிணையின் குறுக்கே 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். விடியுமுன்பே அதை நோக்கி மோட்டார் சைக்கிள்கள் திரளும். 2008இல் திறக்கப்பட்ட சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் குடிநுழைவுச் சோதனை முடித்துச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலர் தமிழர். அவர்களுடைய தாத்தா பாட்டிகளில் பலர் தோட்டத்து லயங்களில் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்ந்தவர்கள். பேரப்பிள்ளைகளோ தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளிலும் வாடகை அறைகளிலும் வாழ்கிறார்கள். பாலத்து நெரிசலில் தோளோடு தோள் உரசினாலும் பக்கத்தில் இருப்பவரின் பெயர் தெரியாது.

இந்த வாழ்வுக்குப் பொருத்தமான எழுத்தாளராக முதலில் நினைவுக்கு வருபவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, 1938இல் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குச் சென்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல் திரும்பியவர். மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றியபடி ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் பல பத்தாண்டுகள் தனியாக வாழ்ந்தார். அவரது ‘புயலிலே ஒரு தோணி’ நாவலில் நாயகன் பாண்டியன் மேடானிலும் பினாங்கிலும் அலையும்போது மதுரைத் தெருக்கள் நினைவில் பெருக்கெடுக்கின்றன. அது கடல் கடந்தவனின் தனிமை. போரும் சாகசமும் மரணமும் சூழ்ந்தது. தினமும் எல்லையைத் தாண்டி, தினமும் அதே அறைக்குத் திரும்புகிறவரின் தனிமை வேறு வகை. அதில் சாகசம் இல்லை. துவைக்க வேண்டிய சட்டையும் காலை நான்கு மணி அலாரமும்தான் உண்டு.

அசோகமித்திரன் இந்த வகையை அறிந்தவர். அவருடைய இயற்பெயர் ஜ. தியாகராஜன். செகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்த அவர், தந்தையின் மறைவுக்குப் பின் 1952இல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தார். செய்தித்தாள்களிலிருந்து பலதரப்பட்ட செய்திகளை வெட்டிக் கோப்புகளில் சேர்ப்பது அவர் வேலை. நாள் முழுக்கக் காகிதம் கிழித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தவர்கள், அவருக்கு வேலையே இல்லை என்று எண்ணி, அவருடைய சின்ன அறைக்குள் வந்து அறிவுரை சொல்லிவிட்டுப் போவார்களாம். ஏராளமானோர் புழங்கும் படப்பிடிப்பு நிலையத்தில், எல்லோரையும் பார்த்துக்கொண்டு யாராலும் பொருட்படுத்தப்படாமல் இருந்த அந்த இருக்கையே அவருடைய எழுத்தின் பார்வைக் கோணமாக அமைந்தது எனலாம்.

‘தண்ணீர்’ நாவல் இதற்குச் சிறந்த சான்று. 1973இல் நூலாக வந்தது. சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தில் ஜமுனா குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். சினிமா ஆசை காட்டிய பாஸ்கர்ராவால் அவள் வாழ்க்கை சிதைந்திருக்கிறது. தங்கை சாயாவோடு பிணக்கு. தாய்க்கு மனநலம் இல்லை. உயிரை விடத் துணிந்தவளுக்கு ஆறுதலாக வருவது பக்கத்து வீட்டு டீச்சரம்மா. அவள் உபதேசம் எதுவும் செய்வதில்லை. நோயாளிக் கணவனோடும் மாமியாரோடும் தான் கழித்த நாட்களைச் சொல்கிறாள். தன் துயரம் மட்டுமே உலகம் இல்லை என்பது ஜமுனாவுக்குப் புரிகிறது. அதன்பின் அவள் செய்வதும் பெரிய காரியம் எதுவும் இல்லை. தெருவில் மற்றவர்களுக்கும் சேர்த்துத் தண்ணீருக்கு அலைகிறாள். குடமும் வரிசையும் அவளை மனிதர்களோடு மறுபடி பிணைக்கின்றன.

ஜொகூர் வாசகருக்கு இந்தக் குடம் அந்நியமானதில்லை. 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நீர் எடுக்கலாம். ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கிறது. அத்தனை நீர் எல்லை தாண்டும் மாநிலத்தில், 2015இல் அணைகளின் நீர்மட்டம் சரிந்தபோது மாசாய், பாசிர் கூடாங் வட்டாரங்களில் முறைவைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். வாளியோடு காத்திருந்து பழகியவர்களுக்கு ஜமுனாவின் காத்திருப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

‘ஒற்றன்!’ இன்னொரு கோணத்தைத் தருகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1973–74இல் நடந்த பன்னாட்டு எழுத்தாளர் பயிலரங்கில் பங்கேற்ற அனுபவத்தின் மேல் எழுந்த நாவல் அது. எத்தியோப்பியா, பெரு, ஜப்பான் எனப் பல நாட்டு எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில் தங்கியிருக்கிறார்கள். கதைசொல்லியின் கவலையோ சாப்பாடு, குளிர், கடைக்குப் போய்வருவது ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் இருக்கிறது. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இடத்தில் நட்பும் மனத்தாங்கலும் இந்தச் சின்ன விஷயங்கள் வழியாகவே உண்டாகின்றன. ஊரை நினைத்து உருகும் நீண்ட பத்திகளை அவர் எழுதுவதில்லை. அந்நிய ஊரில் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்பதை எழுதுகிறார்.

இதற்கு எதிராக ஒரு கேள்வி எழும். அவருடைய உலகம் வறண்டது, மனிதர்கள் தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள், ஆசிரியர் ஒதுங்கி நிற்கிறார். இதில் ஆறுதல் எங்கே? கேள்வியில் நியாயம் உண்டு. அவர் கதைகளில் பிரச்சினைகள் பெரும்பாலும் தீர்வதில்லை. ஆனால் ஒதுங்கி நிற்பது அலட்சியம் ஆகிவிடாது. ஜமுனாவுக்கு அவர் தீர்ப்பு வழங்குவதில்லை. அவள் மீது பரிதாபத்தையும் கொட்டுவதில்லை. அவள் குடத்தை எங்கே வைத்தாள் என்பதை மறக்காமல் சொல்கிறார். யாரும் கவனிக்காத வாழ்க்கையை வாழ்பவருக்கு, அதே போன்றதொரு வாழ்க்கை இவ்வளவு கவனத்தோடு எழுதப்பட்டிருப்பதைப் பார்ப்பதே பெரிய துணை.

மலேசியத் தமிழ் நாவல் தோட்ட வாழ்வையும் இரண்டாம் உலகப் போர்க்காலச் சயாம் மரண ரயில்பாதையின் துயரத்தையும் வலுவாகப் பதிவு செய்திருக்கிறது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ நல்ல உதாரணம். அவை ஒரு சமூகம் சேர்ந்து பட்ட துன்பத்தின் கதைகள். அதிகாலையில் பாலத்தில் நின்று, இரவில் தனியாகச் சாப்பிடுகிறவரின் நாளை எழுத வேறொரு முறை தேவைப்படுகிறது. அசோகமித்திரனை இங்குள்ள எழுத்தாளர்களும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் ஊன்றிப் படித்தால், அந்த முறைக்கான பயிற்சி ‘தண்ணீர்’, ‘ஒற்றன்!’ ஆகிய இரு நாவல்களிலேயே கிடைக்கும்.