சோடியம் குறைந்ததா, தண்ணீர் குறைந்ததா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், அக்கினி நட்சத்திர வெயில். அத்தான் போனில் கூப்பிட்டார். "மாப்ளே, ரத்தத்துல சோடியம் 132தான் இருக்காம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. உப்பையும் கூட்டிக்கச் சொல்றாங்க. பிபிக்காரன் உப்பைக் கூட்டலாமாய்யா?"

அத்தானுக்கு இருப்பது ஸ்மோல்டரிங் மைலோமா. நீறு பூத்த நெருப்பு என்று நம் ஊரில் சொல்வோமே, அதேதான். எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் பெருகி ஒரே வகைப் புரதத்தை ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் எலும்பு, சிறுநீரகம் எதுவும் இன்னும் கெட்டிருக்காது. இந்தப் பெயரை வைத்தவர்கள் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கைலும் கிரைப்பும். 1980இல் வெறும் ஆறு நோயாளிகளை வைத்து எழுதிய கட்டுரை அது. சிகிச்சையே இல்லாமல் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தவர்கள் அந்த ஆறு பேரும்.

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். சோடியத்தைவிட என் கண்ணில் பட்டது இன்னொரு வரி: மொத்தப் புரதம் 12.1 கிராம். சாதாரணமாக ஏழு, எட்டு இருக்கும்.

நான் டாக்டர் இல்லை. மண் பரிசோதனை நிலையத்தில் குப்பை கொட்டியவன். அங்கே சாம்பல் சத்து பார்க்க ஃபிளேம் போட்டோமீட்டர் என்றொரு கருவி உண்டு. மண்ணிலிருந்து எடுத்த கரைசலைச் சுடரில் தெளித்து, சுடர் எவ்வளவு ஒளிர்கிறது என்று அளப்போம். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாகிறதே, அது சோடியத்தின் வேலை. ஒவ்வொரு தனிமத்துக்கும் சுடரில் தனி ஒளி உண்டு என்பதை வைத்து 1860இல் ஜெர்மனியில் புன்சனும் கிர்ச்சாஃபும் வேதியியலையே புரட்டிப் போட்டார்கள். 1940களில் அந்தச் சுடர் கருவியாகி மருத்துவமனை லேபுக்குள் நுழைந்தது. அதுவரை சோடியம் பார்ப்பது பெரும் பாடு. அதன்பின் சில நிமிட வேலை.

வேகம் வந்தபோது ஒரு சிக்கலும் கூடவே வந்தது. குறிப்பிட்ட அளவு சீரத்தை எடுத்து, நீர் சேர்த்து, சுடரில் தெளிப்பார்கள். சீரம் முழுவதும் தண்ணீர் அல்ல. நூற்றில் 93 பங்குதான் தண்ணீர். மீதி புரதமும் கொழுப்பும். சோடியம் கரைந்திருப்பதோ தண்ணீரில் மட்டும். புரதம் 12 கிராமுக்குப் போனால் தண்ணீர் சுமார் 90 பங்காகச் சுருங்கும். தண்ணீரில் உப்பு அதே செறிவில் இருந்தாலும், எடுத்த சீரத்தில் தண்ணீர் குறைவு என்பதால் 140 இருக்க வேண்டியது 135 என்று காட்டும். படியில் அரிசியோடு கல்லும் கலந்திருந்தால், படி நிறைந்திருக்கும், அரிசி குறைந்திருக்கும். அந்தக் கதைதான்.

1955இல் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர்ஸ் குழுவினர் கொழுப்பு மிகுந்த சீரத்தில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். மைலோமாவில் கொழுப்பின் இடத்தில் புரதம். 1975இல் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. சில மைலோமாப் புரதங்கள் நேர்மின்னேற்றம் உள்ளவை. அவை ரத்தத்தின் மின்கணக்கில் சோடியத்தின் இடத்தை ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

இன்று சுடர் போய் எலக்ட்ரோடு வந்துவிட்டது. ஆனால் பெரிய லேபுகளின் தானியங்கிக் கருவிகள் பலவும் இன்னும் சீரத்தில் நீர் சேர்த்துத்தான் அளக்கின்றன. கருவி புதிது, பிழை பழையது. ஐ.சி.யூ.வில் ரத்த வாயு பார்க்கும் சின்னக் கருவி நீர் சேர்க்காமல் நேரடியாக அளக்கும். அதற்கு இந்தத் தொல்லை கிடையாது.

இதில் ஏன் எனக்குப் பதற்றம்? 1845இல் லண்டனில் மெக்பீன் என்ற மளிகை வியாபாரியின் சிறுநீர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் சோதனைக்கு வந்தது. அதில் இருந்த புரதம் விசித்திரமானது: கொதிக்க வைத்தால் கரைந்தது, ஆறினால் மீண்டும் திரண்டது. அந்தப் புரதம்தான் இன்றைக்கும் மைலோமாக்காரர்களின் சிறுநீரகக் குழாய்களை அடைப்பது. உடலில் நீர் வற்றினால் அடைப்பு சுலபம். அப்படிப்பட்டவரை மே மாதத்தில் ஒரு லிட்டர் தண்ணீரோடு நிறுத்தினால்?

"அத்தான், தண்ணியைக் குறைக்கிறதுக்கு முன்னாடி உங்க ரத்த டாக்டரை ஒரு தடவை பாருங்க. இதே சோடியத்தை ரத்த வாயு கருவியில பார்க்கலாமான்னு மட்டும் கேளுங்க" என்றேன்.

மறுநாளே பார்த்தார்கள். 137. ஆஸ்மோலாலிட்டியும் சரியாக இருந்தது. தண்ணீர்க் கட்டுப்பாடு அன்றே ரத்து. முதலில் சொன்ன டாக்டரைக் குறை சொல்லவும் மனமில்லை. அவர் கையில் இருந்தது 132 என்ற எண் மட்டும்.

மைலோமா என்றாலே சோடியம் பொய்க்கணக்கு என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. புரதம் சற்றே கூடியிருக்கையில் சோடியம் 125க்கு இறங்கினால் அந்தப் பள்ளத்தைப் புரதம் மட்டும் தோண்டியிருக்காது. பிபிக்குக் கொடுக்கும் நீர் பிரியும் மாத்திரை, விடாத வாந்தி, வேறு மருந்துகள் என்று நிஜக் காரணங்கள் உண்டு. குழப்பமோ மயக்கமோ இருந்தால் கருவி ஆராய்ச்சியில் நேரம் போக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். போன வருடம் அத்தானுக்கே 128 வந்தது. நேரடிக் கருவியிலும் 132தான். தேடியதில், புதிதாகச் சேர்த்த பிபி மாத்திரை அகப்பட்டது. மாற்றிக் கொடுத்தார்கள், ஏறிவிட்டது.

இப்போது அவர் ஃபைலில் இரண்டு ரிப்போர்ட்டும் சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறார். எந்த டாக்டரைப் பார்க்கப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார். அக்காதான் அலுத்துக்கொள்கிறாள், "உன்னால இவரு பாதி டாக்டர் ஆயிட்டாருடா" என்று.