தாயிஃபிலிருந்து வந்த புதியவர்கள்

சென்னையிலிருந்து ஆந்திர எல்லையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த கும்மிடிப்பூண்டி, புதியவர்கள் வந்து சேரும் ஊர். சிப்காட் தொழிற்சாலைகளை நம்பித் தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தோர் இங்கு வாழ்கின்றனர். 1990 முதல் இலங்கைத் தமிழ் ஏதிலியரின் முகாமும் இங்கு உள்ளது. இத்தகைய ஊர்களில் சமூகப் பணிக்கும் புதிய முகங்கள் வந்துகொண்டே இருக்கும். வெள்ள நிவாரணத்துக்கோ இரத்ததான முகாமுக்கோ முதன்முறையாக வரும் இளைஞர் முறை அறியாமல் தவறு செய்வார். மார்க்கப் பேணுதலிலும் குறையுடையவராக இருக்கலாம். பலர் முன்னிலையில் மூத்தவர் ஒருவர் அவரைக் கடிந்துகொண்டால், அவர் மறுமுறை வரமாட்டார்.

இவ்விடத்தில் நபி (ஸல்) அவர்களின் வரலாறு நமக்கு வழிகாட்டுகிறது.

ஹிஜ்ரத்துக்கு முன்னர் ஆதரவு தேடிச் சென்ற நபியவர்களைக் கல்லால் அடித்து விரட்டிய ஊர் தாயிஃப். ஹிஜ்ரி 8இல் முற்றுகைக்கும் அது பணியவில்லை. தம் தலைவர்களுள் ஒருவரான உர்வா இப்னு மஸ்ஊத் (ரலி) இஸ்லாத்தின்பால் அழைத்தபோது, அவரையே அம்பெய்து கொன்றனர். அந்த ஸகீஃப் குலத்தாரின் தூதுக்குழு ஹிஜ்ரி 9 ரமளானில் மதீனா வந்தது. பழைய கணக்குகளைத் தீர்த்துக்கொள்ளத் தகுந்த தருணம் அது. நபியவர்களோ அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்துக் கொடுத்தார்கள். தொழுகையைக் கண்ணால் கண்டும், குர்ஆனைக் காதால் கேட்டும் அவர்கள் தங்கியிருந்தனர்.

அவர்கள் பல நிபந்தனைகளை முன்வைத்தனர். தொழுகையிலிருந்து விலக்குக் கேட்டனர், மறுக்கப்பட்டது. லாத் சிலையை மூன்றாண்டுகள் விட்டுவைக்குமாறு வேண்டினர், பின்னர் ஒரு மாதமேனும் என்று இறங்கி வந்தனர், அதுவும் மறுக்கப்பட்டது. ஆனால் அதைத் தம் கைகளால் உடைக்க இயலாது என்றபோது, அவர்களின் மனத்தடையை நபியவர்கள் மதித்தார்கள். அப்பணிக்கு அபூஸுஃப்யான் (ரலி), முகீரா இப்னு ஷுஅபா (ரலி) ஆகியோரை அனுப்பினார்கள். ஸகாத்தும் ஜிஹாதும் தம்மீது விதிக்கப்படலாகாது என்ற கோரிக்கையையும் அப்போது வற்புறுத்தி மறுக்கவில்லை. இஸ்லாம் உள்ளத்தில் வேரூன்றிய பின்னர் அவர்களே அவற்றைச் செய்வார்கள் என்று தோழர்களிடம் கூறியதாக அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது.

அடிப்படையில் உறுதி, பழக்கத்தில் அவகாசம்: இதுவே அங்கு கையாளப்பட்ட முறை.

அக்குழுவில் வயதில் மிக இளையவர் உஸ்மான் இப்னு அபில்ஆஸ் (ரலி). பொருட்களைக் காவல் காப்பதே அவருக்குத் தரப்பட்ட வேலை. மற்றவர்கள் நண்பகலில் உறங்கும்போது அவர் நபியவர்களிடம் சென்று குர்ஆன் கற்றார். அந்த ஆர்வத்தைக் கண்டு, அவரையே அக்குலத்தாரின் தலைவராக நபியவர்கள் நியமித்தார்கள். தொழுகை நடத்துகையில் பின்னிற்போருள் மிகவும் பலவீனமானவரைக் கருத்தில் கொள்ளுமாறும் அறிவுறுத்தினார்கள்.

ஹிஜ்ரி 11இல் நபியவர்கள் மறைந்ததும் பல குலங்கள் ஸகாத் தர மறுத்தன. சில மார்க்கத்தையே கைவிட்டன. தாயிஃப் தடுமாறவில்லை. கடைசியாக வந்தவர்கள் முதலில் வெளியேறுவதா என்று தம் மக்களிடம் வினவி, அவர்களை நிலைநிறுத்தியவர் அந்த இளைஞர் உஸ்மான்தான். ஈராண்டுகளுக்கு முன் காட்டப்பட்ட பொறுமையின் விளைச்சல் அது.

புதியவரைப் பயனாளியாக மட்டும் பாராமல் பணியாளராக ஏற்பதன் பயனை நம் காலத்திலும் காணலாம். 1984இல் சந்திரஹாசன் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் ஏதிலியரே ஊழியர்களாகப் பொறுப்பேற்று, முகாம்களில் கல்வி, சுகாதாரப் பணிகளைச் செய்து வந்துள்ளனர்.

சகோதரர்களே! நம் பணிக்களத்துக்கு வரும் புதியவரின் தவற்றைத் தனிமையில் மென்மையாகத் திருத்துவோம். சிறு பொறுப்பொன்றை நம்பி ஒப்படைப்போம். பொருட்களுக்குக் காவலாக அமர்த்தப்பட்டவரே நாளை ஊரைக் காப்பவராகலாம். அல்லாஹ் நமக்கு அந்தப் பொறுமையைத் தந்தருள்வானாக!